அண்ணே, ஒரு நிமிஷம்!

(மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு மாணவர்)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு வகுப்புக்கு வந்த பேரவை நண்பர்கள், "நட்பு, காதல், தாய்ப்பாசம் மூணும் ஏற்கனவே நிறைய வந்துடுச்சு, வேற ஏதாவது எழுதுங்கப்பா" என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டார்கள். வேறு ஏதாவது என்றால் எனக்குத் தெரிந்தது ஸ்பிரிங்தான். "ஸ்பிரிங்கைப் பத்தி என்னடா எழுதப்போற? அதான் பாடத்துலயே வருதே" என்று பக்கத்து பெஞ்சு நண்பன் சிரித்தான். பாடத்தில் வரும் ஸ்பிரிங் பேப்பரோடு நின்றுவிடும். நான் சொல்ல வருவது காரின் முன்சக்கரத்துக்கு மேலே மட்கார்டுக்குள் உட்கார்ந்திருக்கும் ஸ்பிரிங். அது பேப்பரோடு நிற்காது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்ட்ரட்டையும் ஸ்பிரிங்கையும் கழற்றி மாட்டும்போது நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை வரிசைத் தவறுகள். எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது என்பதை மாற்றிச் செய்வதால் வருபவை. அந்த வரிசை ஏன் அப்படி இருக்கிறது என்ற காரணம் தெரிந்தவன் அதை மாற்ற மாட்டான். காரணத்தை மூன்று வருடம் உட்கார்ந்து படிக்கிறவர்கள் நாம். ஆகவே ஒர்க்‌ஷாப்பில் ஒரு ஸ்பேனர் தப்பான நட்டை நோக்கிப் போகும்போது, "அண்ணே, ஒரு நிமிஷம்!" என்று சொல்லும் கடமை டிப்ளமோ மாணவனுக்கு உண்டு. அப்படிச் சொல்வதற்கான பழக்கத்தை நம் லேப் நமக்குத் தர வேண்டும்.

ஸ்ட்ரட் என்றால் என்ன?

சிவில், எலெக்ட்ரிக்கல், கம்ப்யூட்டர் பிரிவு நண்பர்கள் இந்த இடத்தில் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நீங்களும் ஒருநாள் கார் வாங்குவீர்கள்!

நம் அப்பா, தாத்தா காலத்து அம்பாசடர் காரில் முன்பக்கம் டார்ஷன் பார், பின்பக்கம் பட்டை ஸ்பிரிங். 1983-ல் மாருதி 800 வந்தபோது அதன் முன்சக்கரங்களில் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் இருந்தது. 2014-ல் அம்பாசடர், மாருதி 800 இரண்டின் தயாரிப்பும் நின்றுபோனது. ஆனால் ஸ்ட்ரட் நிற்கவில்லை. இன்று ரோட்டில் ஓடும் சின்னக் கார்களில் பெரும்பாலானவற்றின் முன்பக்கம் அதுதான்.

ஏர்ல் மெக்ஃபர்சன் (1891-1960) ஓர் அமெரிக்கப் பொறியாளர். இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயம், ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனிக்காக ஒரு சின்னக் காரை வடிவமைத்துக் கொண்டிருந்தார். அந்தக் கார்த் திட்டம் 1947-ல் கைவிடப்பட்டது. மனிதர் தளரவில்லை. போர்டு கம்பெனிக்குப் போனார். 1950-ல் இங்கிலாந்தில் போர்டு காட்டிய கான்சல், ஸெஃபர் கார்களில் அவருடைய ஸ்ட்ரட் இடம்பெற்றது. கைவிடப்பட்ட ஒரு திட்டத்திலிருந்து வந்த யோசனை இன்று உலகம் பூராவும் ஓடுகிறது. அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் இதைக் கவனிக்கவும்!

அவர் செய்தது என்ன? ஷாக் அப்சார்பர் தனி, ஸ்பிரிங் தனி, சக்கரத்தை மேலே பிடித்துக்கொள்ளும் ஆர்ம் தனி என்று இருந்ததைச் சுருக்கினார். மேல் ஆர்மையே எடுத்துவிட்டார். ஷாக் அப்சார்பரைத் தடிமனாக்கி, அதன்மேல் ஸ்பிரிங்கைச் சொருகி, உச்சியில் பேரிங்கோடு ஒரு ரப்பர் மவுண்டிங்கை வைத்து, பாடியில் முடுக்கினார். குழியில் ஏறி இறங்கும் அதிர்வைத் தாங்குவதும் ஸ்ட்ரட்தான். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது சக்கரத்தோடு சேர்ந்து திரும்புவதும் ஸ்ட்ரட்தான். டயர் நேராக நிற்கிறதா, சாய்ந்து நிற்கிறதா என்று தீர்மானிப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு.

ஒரே ஆள் மூன்று வேலை பார்க்கும்போது அந்த ஆளுக்கு உடம்பு சரியில்லையென்றால் மூன்று வேலையும் கெடும் அல்லவா? ஸ்ட்ரட்டைத் தப்பாக மாட்டினால் சத்தம் வருவதோடு போகாது. ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கும். டயர் ஓரம் தேயும். பிரேக் ஹோஸ் உரசும். முதலில் ஸ்ட்ரட்டை மரியாதையோடு பார்க்க வேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

ஒரு அரிசி மூட்டைக் கணக்கு

காரில் மாட்டியிருக்கும் ஸ்பிரிங் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. அமுங்கி உட்கார்ந்திருக்கிறது. ஸ்ட்ரட்டைத் தனியாகக் கழற்றிக் கீழே வைத்தாலும் அமுங்கியேதான் இருக்கும். கீழே ஒரு தட்டு, மேலே ஒரு தட்டு, நடுவில் ஸ்பிரிங். மேல் தட்டைப் பிடித்துக்கொண்டிருப்பது ஷாக் அப்சார்பர் ராடின் உச்சியில் உள்ள ஒரே ஒரு நட்டு. அதுதான் நடு நட்டு.

ராபர்ட் ஹூக் 1678-ல் எழுதி வைத்த விதி எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு அமுக்குகிறோமோ அவ்வளவுக்கு விசை ஏறும். ஒரு உதாரணம் போடுவோம். ஒரு மில்லிமீட்டர் அமுக்க 20 நியூட்டன் கேட்கும் ஸ்பிரிங் என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்னக் காருக்கு இது நடக்கக்கூடிய அளவுதான். ஸ்ட்ரட்டில் கோர்த்த நிலையில் அது 80 மி.மீ. அமுங்கியிருந்தால், நடு நட்டு தாங்கும் விசை 1600 நியூட்டன். அதாவது கிட்டத்தட்ட 160 கிலோ. ஒரு நட்டின் தலையில் மூன்று ஆள் ஏறி நிற்கிற மாதிரி!

இப்போது அந்த நட்டைக் கழற்றினால்? தேங்கி நிற்கும் ஆற்றல் 64 ஜூல். மேலே உள்ள மவுண்டிங் அரைக் கிலோ என்று வைத்து, ஆற்றல் முழுதும் அதற்குள் போனால் அது கிளம்பும் வேகம் விநாடிக்கு 16 மீட்டர். மணிக்கு 57 கி.மீ.! முழுதும் போகாது, பாதிதான் போகும் என்று வாதாடினாலும் 40 கி.மீ. வருகிறது. முகத்துக்கும் மவுண்டிங்குக்கும் நடுவில் இரண்டு அடி கூட இல்லாத இடத்தில் 40 கி.மீ. போதாதா?

கம்ப்ரஸர் போட்டு அதே ஸ்பிரிங்கை மொத்தம் 150 மி.மீ. அமுக்கினால் விசை 3000 நியூட்டன், ஆற்றல் 225 ஜூல். இது எவ்வளவு என்று எங்க அப்பாவுக்கு விளக்க வேண்டியிருந்தது. அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். எங்கள் வீட்டில் எழுத்துக்கூட்டிப் படிக்கிறதைத் தாண்டி வந்த முதல் ஆள் நான்தான். ஜூல், நியூட்டன் எல்லாம் அவரிடம் செல்லாது. அதனால், "25 கிலோ அரிசி மூட்டை மூணு அடி உயரத்துல இருந்து விழுந்தா என்ன வேகமோ அவ்வளவுப்பா" என்றேன். கணக்கும் சரியாகவே இருக்கிறது, போட்டுப் பாருங்கள். அப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மூட்டை சரியறது முன்னாடியே தெரியும்டா, ஒதுங்கிக்கலாம். இது ஒதுங்கவே விடாதே" என்றார். ஹூக் சொல்லாத ஒன்றை அப்பா சொல்லிவிட்டார்.

விரல் யாருடையது?

போன செமஸ்டர் லீவில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை பழகப் போயிருந்தேன். எந்த ஊர், எந்தக் கடை என்பது வேண்டாம். அங்கே ஹெல்ப்பராக ஒரு தம்பி இருந்தான். என்னைவிட ஒரு வயது சின்னவன். பத்தாவதில் மார்க் என்னைவிட அதிகம். வீட்டு நிலைமை, மேலே படிக்கவில்லை. வேலையில் படுசுட்டி. எந்த நட்டுக்கு எத்தனாம் நம்பர் ஸ்பேனர் என்று பார்த்த மாத்திரத்தில் எடுத்துக் கொடுப்பான்.

அந்தக் கடையில் ஸ்பிரிங் கம்ப்ரஸர் கிடையாது. இரண்டு பக்கமும் கட்டுக்கம்பியை முறுக்கிக் கட்டி, ஏர் கன் வைத்து நடு நட்டை எடுப்பதுதான் வழக்கம். "பதினைஞ்சு வருஷமா இப்படித்தான் செய்யறோம்" என்பார்கள். அன்றைக்கும் அப்படித்தான். தம்பி ஸ்ட்ரட்டைக் காலுக்கு நடுவில் இடுக்கி, மவுண்டிங்கைக் கையால் பிடித்துக்கொண்டிருந்தான். நான் கடைசி பே-யில் மண்ணெண்ணெயில் பேரிங் கழுவிக்கொண்டிருந்தேன். படார் என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் தகரக் கூரையில் ஒரு பள்ளம். தம்பி வலது கையை அக்குளில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அழக்கூட இல்லை. நடுவிரலும் மோதிர விரலும் முறிந்துவிட்டன. கட்டுப் பிரித்த பிறகும் மோதிர விரல் முழுசாக மடங்கவில்லை.

முதலாளி கெட்டவர் இல்லை. தன் வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். செலவையும் செய்தார். ஆனால் அதை அட்வான்ஸ் என்று நோட்டில் எழுதிக்கொண்டார். அன்று சாயங்காலம் கடையில் எல்லோரும் பேசிய பேச்சு ஒன்றுதான்: "பையனுக்குக் கவனம் பத்தலை."

தோழர்களே, இந்த ஒரு வரியை எதிர்க்கத்தான் இந்தக் கட்டுரையே எழுதுகிறேன். 160 கிலோவைக் கட்டுக்கம்பியில் கட்டி வைத்துவிட்டு, பிடித்தவனைக் கவனமாக இரு என்றால் என்ன நியாயம்? கம்பி எப்போது அறும் என்பது கவனத்தில் இல்லை, கம்பியில் இருக்கிறது. தவறு அந்தத் தம்பியின் கையில் நடக்கவில்லை. கருவி வாங்காதபோது நடந்தது. வரிசையை மாற்றியபோது நடந்தது. விரல் மட்டும் அவனுடையது.

எந்தெந்த இடத்தில் தவறுகிறது?

என் அறிவுக்கு எட்டியவரை, சர்வீஸ் மேனுவல்களைப் படித்தும் சீனியர் அண்ணன்களைக் கேட்டும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். வண்டிக்கு வண்டி விவரம் மாறும். அந்தந்த வண்டியின் மேனுவல்தான் கடைசி வார்த்தை.

முதல் இடம், கழற்றுவதற்கு முன். வண்டியை ஜாக்கியில் தூக்கியதோடு விட்டுவிடக் கூடாது. பாடிக்குக் கீழே ஸ்டாண்டு கொடுக்க வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கு, ஸ்டாண்டு தாங்குவதற்கு. அடுத்து, அடையாளம் போடுவது. ஸ்ட்ரட்டின் அடிப்பாகம் நக்கிளோடு சேரும் இடத்தில் இரண்டு போல்ட் இருக்கும். பல வண்டிகளில் அதன் துளையிலோ போல்ட்டிலோ கொஞ்சம் விளையாட்டு விட்டு, கேம்பர் சரிசெய்ய வழி வைத்திருப்பார்கள். கழற்றும் முன் பெயின்டால் ஒரு கோடு போட்டால் பழைய இடத்திலேயே திரும்ப உட்கார வைக்கலாம். கோடு போட அரை நிமிஷம். மவுண்டிங் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்பதற்கும் ஒரு கோடு. இப்போது எல்லோர் கையிலும் செல்போன் இருக்கிறது. கழற்றும் முன் நாலு போட்டோ எடுத்துக்கொண்டால் "வாஷர் மேலயா கீழயா?" என்ற பட்டிமன்றமே தேவைப்படாது.

இரண்டாவது இடம், நடு நட்டு. பல கார்களில் பானட்டைத் திறந்தால் ஸ்ட்ரட்டின் உச்சியில் சுற்றிலும் சின்ன நட்டுகளும் நடுவில் ஒரு பெரிய நட்டும் தெரியும். சின்ன நட்டுகள் ஸ்ட்ரட்டைப் பாடியோடு பிடிப்பவை. ஸ்ட்ரட்டை வெளியே எடுக்க அவற்றைக் கழற்றினால் போதும். நடு நட்டு ஸ்பிரிங்கைப் பிடித்திருப்பது. இரண்டையும் குழப்புவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. கம்ப்ரஸர் போட்டு, மேல் தட்டை விட்டு ஸ்பிரிங் விலகி, கையால் பிடித்து ஆட்டினால் லூசாக ஆடுகிற வரைக்கும் நடு நட்டை யாரும் கழற்றக் கூடாது. இந்த ஒரு வரியை மட்டும் லேப் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைக்கலாம்.

மூன்றாவது இடம், கம்ப்ரஸர். வாங்கிவிட்டால் மட்டும் போதாது. இரண்டு கம்ப்ரஸரும் ஸ்பிரிங்கின் எதிரெதிர்ப் பக்கத்தில் நிற்க வேண்டும். கொக்கி ஸ்பிரிங் கம்பியை முழுசாகக் கவ்வ வேண்டும். எண்ணெய், சேறு இருந்தால் துடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் வழுக்கும். ஒரு பக்கம் கொஞ்சம், மறுபக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி முடுக்க வேண்டும். ஒரே பக்கம் முடுக்கிக்கொண்டே போனால் ஸ்பிரிங் வாழைக்காய் மாதிரி வளைந்து கொக்கியை உதறிவிடும். ஏர் கன்னில் முடுக்குவது கூடாது. மரை தேய்ந்த கம்ப்ரஸரைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். முகம், கை எதுவும் ஸ்பிரிங்கின் நேர்க்கோட்டில் இருக்கக் கூடாது. அமுக்கிய ஸ்பிரிங்கை மேஜைமேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போவதும் தவறு.

நான்காவது இடம், பளபளவென்றிருக்கும் ராடு. நடு நட்டைத் திருப்பினால் ராடும் கூடவே சுற்றும். உடனே பைப் ரெஞ்சோ பிளேயரோ போட்டு ராடைக் கவ்விப் பிடிப்பார்கள். அதில் ஒரு சின்னக் கீறல் விழுந்தால் போச்சு. மேலும் கீழும் போகும்போது அந்தக் கீறல் ஆயில் சீலை அறுக்கும். கொஞ்ச நாளில் புது ஸ்ட்ரட்டே ஒழுக ஆரம்பிக்கும். "கம்பெனி ஐட்டம் சரியில்லை" என்று கம்பெனியைத் திட்டுவோம். ராடின் உச்சியைப் பாருங்கள். பிடிப்பதற்கென்றே அலன் கீ துளையோ, இரண்டு தட்டைப் பக்கமோ வைத்திருப்பான். வடிவமைத்தவன் நம்மை நினைத்துத்தான் வைத்திருக்கிறான், நாம்தான் பார்ப்பதில்லை.

ஐந்தாவது இடம், திரும்பக் கோர்ப்பது. படுக்க வைத்திருந்த புது ஷாக் அப்சார்பரை நிமிர்த்திப் பிடித்து நாலைந்து தடவை முழுசாக இழுத்து அமுக்க வேண்டும். உள்ளே இடம் மாறிய காற்று மேலே போகும். இல்லையென்றால் முதல் நாளே லொடக் லொடக். ஸ்பிரிங்கின் கீழ் நுனி, தட்டில் உள்ள படியில் போய் உட்கார வேண்டும். படியைவிட்டு ஏறி உட்கார்ந்தால் ஓடும்போது ஒருநாள் இறங்கும். இறங்கும்போது சத்தமும் வரும், உயரமும் மாறும். சில ஸ்பிரிங்குக்கு மேல், கீழ் உண்டு. சில வண்டியில் இடது, வலதும் வேறு. பம்ப் ஸ்டாப்பர், டஸ்ட் கவர், ரப்பர் சீட், பேரிங் எல்லாம் இருந்த வரிசையில் போக வேண்டும். வேலை முடிந்து மேஜையில் ஒரு வாஷர் மிச்சம் இருந்தால், "எக்ஸ்ட்ராவா இருக்குபா" என்று பாக்கெட்டில் போடாதீர்கள். கம்பெனிக்காரன் நமக்கு இலவசமாக எதுவும் தருவதில்லை!

ஆறாவது இடம், முடுக்குவது. லாக் நட்டு ஒருதடவை கழற்றினால் அதன் பிடிப்பு குறையும். மேனுவல் புதுசு போடு என்றால் புதுசுதான். டார்க் ரெஞ்ச் இல்லாமல் "கை சொல்லும்" என்பது பெரியவர்களின் நம்பிக்கை. என் கை சொல்வதும் உங்கள் கை சொல்வதும் ஒன்றாக இருக்குமா? காலையில் சொல்வதும் பதினோராவது வண்டியில் சொல்வதும் ஒன்றாக இருக்குமா? லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் போல்ட்டைக் கழற்றியிருந்தால், அதைச் சக்கரம் தொங்கும்போதே இறுக்கக் கூடாது. வண்டி தரையில் நிற்கும் உயரத்துக்கு வந்தபிறகே இறுக்க வேண்டும். இல்லையென்றால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும்.

ஏழாவது இடம், முடிந்தது என்று நினைக்கும் நேரம். பிரேக் ஹோஸின் கிளிப் போட்டாச்சா? ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பி, ஹோஸ் இழுபடுகிறதா, உரசுகிறதா என்று பார்த்தாச்சா? வேலை நேரத்தில் பிரேக் காலிப்பரை ஹோஸிலேயே தொங்க விடாமல் ஒரு கம்பியால் கட்டி வைத்திருந்தோமா? கட்டுக்கம்பிக்கு ஸ்ட்ரட் வேலையில் இடம் இங்கே மட்டும்தான்! ஒரு பக்கம் மாற்றினால் மறுபக்கமும் மாற்ற வேண்டும். கடைசியாக வீல் அலைன்மென்ட். "கோடு போட்டுத்தானே மாட்டினோம்" என்று அதை விட்டுவிடக் கூடாது. கோடு நம்மைக் கிட்டத்தில் கொண்டுவிடும். சரியான இடத்தைக் காட்டுவது அலைன்மென்ட் மெஷின்தான்.

"அதெல்லாம் சரிப்பா, ஆனால்..."

எதிர்க்கேள்விகள் வரும், தெரியும். நேர்மையாகப் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

"அனுபவம்தான் பெரிசு. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்பார்கள். அனுபவம் பெரிசுதான், மறுக்கவில்லை. என்ஜின் சத்தத்தை வைத்தே எந்தச் சிலிண்டர் மிஸ் ஆகிறது என்று சொல்லும் மெக்கானிக் அண்ணன்களைப் பார்த்திருக்கிறேன். நாம் அவர்கள் காலடியில் உட்கார்ந்து கற்க வேண்டும். ஆனால் பதினைந்து வருடம் கம்பி அறாமல் இருந்தது அனுபவம் இல்லை, அதிர்ஷ்டம். இரண்டுக்கும் வித்தியாசம் காட்டுவது கணக்கு. அந்தக் கணக்கைத்தான் நமக்குச் சொல்லித் தருகிறார்கள்.

"நேரம் இல்லை. கஸ்டமர் நிற்கிறார்" என்பார்கள். கம்ப்ரஸர் மாட்ட அதிகம் போனால் பத்து நிமிஷம். அவசரத்துக்கு அண்டாவிலும் கை நுழையாது என்பது நம் பாட்டிகளுக்கே தெரியும். "விலை?" சாதாரணத் திருகு கம்ப்ரஸர் ஒரு ஜோடி, நல்ல ஸ்ட்ரட் ஒரு ஜோடி வாங்கும் பணத்துக்குள் அடங்கிவிடும். ஆஸ்பத்திரிச் செலவை நோட்டில் எழுத இடம் இருக்கும்போது இதற்கும் இடம் இருக்கும்.

"எலெக்ட்ரிக் கார் வந்துடுச்சு, இனிமே இதெல்லாம் எதுக்கு?" என்று நம்மிலேயே சிலர் கேட்கிறார்கள். எலெக்ட்ரிக் காரில் கார்புரேட்டர் இல்லை, சைலன்சர் இல்லை, சரி. குழி இல்லாத ரோடும் கூடவே வந்துவிட்டதா? பேட்டரி வெயிட்டையும் சேர்த்துத் தாங்க வேண்டியது அதே ஸ்பிரிங்தான்.

"இது பொம்பளைப் பிள்ளைங்க செய்யற வேலை இல்லை" என்று ஒரு பேச்சு. நம் வகுப்பிலும் தோழியர் இருக்கிறார்கள். ஸ்பிரிங்கைப் பலத்தால் அமுக்குவதாக இருந்தால் பயில்வானாலும் முடியாது. அமுக்குவது திருகு. திருகு ஆண், பெண் பார்ப்பதில்லை.

கடைசியாக ஒன்று. இதுதான் எனக்கு வலிக்கிறது. "டிப்ளமோ படிச்சுட்டு நட்டு முடுக்கறதா? சூப்பர்வைசர் ஆகணும்டா" என்று சிலர் நினைக்கிறோம். கையில் கிரீஸ் பட்டால் படிப்புக்கே அவமானம் என்கிற மாதிரி. எங்க அப்பா முதுகில் மூட்டை தூக்கிச் சம்பாதித்த காசில்தான் எனக்கு ட்ராஃப்டர் வாங்கினார். உழைத்த கையை நான் கேவலமாக நினைக்க முடியாது. தவிர, தானே ஒருதடவையாவது ஸ்பிரிங்கை அமுக்காத சூப்பர்வைசர், அடுத்தவன் தப்பாக அமுக்கும்போது எப்படிக் கண்டுபிடிப்பான்? அவனும் சாயங்காலம் நின்றுகொண்டு "பையனுக்குக் கவனம் பத்தலை" என்றுதான் சொல்வான்.

பேரவைக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும்

நம் லேபில் ஸ்ட்ரட் இருக்கிறது. வெட்டு மாடலாகப் பெயின்ட் அடித்து ஸ்டாண்டில் நிற்கிறது. சிவப்பு, பச்சை, மஞ்சள். பார்த்துப் படம் வரைந்து ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கிவிடுகிறோம். வைவாவில் "மெக்ஃபர்சன் ஸ்ட்ரட்டின் பயன்கள் யாவை?" என்றால் மடமடவென்று ஒப்பிப்போம். கையில் ஒரு ஸ்ட்ரட்டைக் கொடுத்தால் முதலில் எதைத் தொடுவோம்? மனதில் கை வைத்துச் சொல்லுங்கள்.

ஆகவே மாணவர் பேரவை மூலமாகப் பணிவோடு மூன்று கோரிக்கைகள். ஒன்று, லேபுக்கு இரண்டு ஜோடி ஸ்பிரிங் கம்ப்ரஸரும் ஒரு டார்க் ரெஞ்சும் வேண்டும். இரண்டு, பழைய இரும்புக் கடையிலிருந்தாவது நாலு ஸ்ட்ரட் வாங்கிப் போட்டு, நல்ல நிலையில் இருக்கிறதா என்று ஆசிரியர் சோதித்த பிறகு, ஒவ்வொரு மாணவனும் மாணவியும் ஒருதடவையாவது அவர் பக்கத்தில் நிற்கக் கழற்றி மாட்ட வேண்டும். வகுப்பில் ஆறு பேர் செய்ய, மற்றவர்கள் சுற்றி நின்று எட்டிப் பார்ப்பது போதாது. மூன்று, நம் பிரிவு மாணவர்கள் சேர்ந்து இந்த வரிசையைத் தமிழில் ஒரே பக்கத்தில் படத்தோடு எழுதி, நம் ஊர் ஒர்க்‌ஷாப்களுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். சுவரில் ஒட்டினால் ஹெல்ப்பர் தம்பிகளும் படிப்பார்கள். மூன்றாவது கோரிக்கைக்கு ஜெராக்ஸ் செலவு தவிர வேறு செலவு இல்லை. முதல் பிரதியை எழுதித் தர நான் தயார்.

நாளைக்கு அப்ரன்டிஸாகப் போவோம். நம் அப்பா வயசுள்ள மெக்கானிக் பக்கத்தில் நிற்போம். அவர் கம்பியைக் கையில் எடுத்தால் "தப்பு" என்று எடுத்தெறிந்து பேச வேண்டாம். அவர் வேலைக்கு வந்தபோது நாம் பிறக்கவே இல்லை. "அண்ணே, ஒரு நிமிஷம். கம்ப்ரஸர் எடுத்துட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு, ஓடிப்போய் எடுத்து வந்து நாமே மாட்டிக் கொடுப்போம். ஒருதடவை திட்டுவார். இரண்டாம் தடவை முறைப்பார். மூன்றாம் தடவை அவரே, "டேய், அந்த கம்ப்ரஸரை எடுடா" என்பார். மாற்றம் இப்படித்தான் வரும்.

படித்தவன் பக்கத்தில் நின்றால் படிக்காதவனுக்கு அடிபடக் கூடாது. டிப்ளமோவுக்கு இதைவிடப் பெரிய அர்த்தம் எனக்குத் தெரியவில்லை.

அடையாளம் இடுவோம்! அமுக்கிய பின் கழற்றுவோம்! அளந்து முடுக்குவோம்!